ஏழு எண்ணும் வரை

மூன்றாவது சரணத்தை எடுக்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

மேடையில் நாங்கள் நான்கு பெண்கள். புதுக் கட்டடம், புதுச் சுண்ணாம்பு வாடை. தொண்டைக்கு நல்லது என்று விடுதிச் சமையல்கார அம்மா கொடுத்த கல்கண்டு இன்னும் கடைவாயில் கரைந்துகொண்டிருந்தது. எதிரே முதல் வரிசையில், திறப்பு விழாவுக்கு வந்த ஓய்வுபெற்ற நீதிபதி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அரங்கம் நிறையக் கூட்டம். கூட்டத்துக்குப் பின்னால் வாசல். வாசலில் என் அப்பா.

அவர் வருவதாகச் சொல்லவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அவர் காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சைப் பெட்டி, வெள்ளை பெயின்டில் என் பெயர். காலையில் விடுதிக் கட்டிலுக்கு அடியில் நான் விட்டுவந்த பெட்டி அது.

என்னை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட வந்திருக்கிறார் என்று புரிந்தது. புரிந்த கணத்தில் மூன்றாவது சரணம் மொத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

பெயர் வேண்டாம்

அந்த மேடையிலேயே என்னைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டு வேறு கதை பேசப் போகிறேன். இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். போன வாரம் மாம்பழத்தில் ஆரம்பித்துப் பல் வைத்தியரிடம் முடித்துவிட்டேன் என்று ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர் கோபித்துக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு நேராக நடக்க வராது.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. இப்போது அது பல்கலைக்கழகமாகி, ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, வாசலில் கண்ணாடி மாளிகை கட்டி நிற்கிறது. பெயரை எழுதினால் அங்கிருந்து எனக்குப் போன் வரும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, லாரிகள் ஓயாத சாலையோரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சேர்ந்தபோது சுற்றிலும் சோளக்காடு. வகுப்பில் உட்கார்ந்தால் ஆசிரியை குரலைவிட மயில் குரல்தான் நன்றாகக் கேட்கும்.

எங்களுடையது பரமத்தி வேலூர்ப் பக்கம், வெற்றிலைக் கொடிக்கால் வைத்த குடும்பம். பள்ளியிறுதியில் நல்ல மார்க் வாங்கியதால், தாவரவியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

"செடியப் பத்திப் படிக்கறதுக்கு எதுக்கு சாமி காலேஜு? கொடிக்காலுக்கு வந்து நில்லு. செடி தானா சொல்லும்" என்றார் அப்பா.

மூன்று நாள் சோற்றுத் தட்டைத் தொடாமல் இருந்து காரியத்தைச் சாதித்தேன். அப்பா ஒத்துக்கொண்டாலும் ஒரு நிபந்தனை போட்டார். நல்ல இடம் வந்தால், எப்போது வந்தாலும், படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பி வந்துவிட வேண்டும். சரிங்கப்பா என்று தலையாட்டினேன். அந்த வயதில் எதற்கும் தலையாட்டலாம், வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

நான்காம் மாதமே இடம் வந்துவிட்டது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்த குடும்பம். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். மாப்பிள்ளை நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையிலேயே நல்லவர்தான். பிற்காலத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். சமீபத்தில் அவர் பேத்தி கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டேன். பருப்பும் நெய்யும் பிரமாதம்.

இரண்டு புலவர்கள், ஒரு பெட்டிக்காரர்

கட்டடத் திறப்பு விழாவுக்குக் கல்லூரிக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று முதல்வர் அம்மாவுக்குத் தோன்றியது. தமிழ்த்துறையில் இரண்டு ஆசிரியைகள். இருவரும் ஆளுக்கொரு பாட்டு எழுதினார்கள். ஒருவர் பாட்டை எடுத்தால் அடுத்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். முதல்வர் அம்மா பொல்லாத ஆள். ஒருவர் பாட்டிலிருந்து இரண்டு சரணம், மற்றவர் பாட்டிலிருந்து ஒரு சரணம் வெட்டி ஒட்டி, "இதுதான் பாட்டு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இரண்டு புலவர்களும் பேசிக்கொள்வதில்லை.

ஏர் பிடித்த கைகளிலே ஏடு தந்த தாயே
ஊர் விழித்து வாழவந்த ஒளியும் நீயே நீயே

இப்படி ஆரம்பிக்கும். பெரிய காவியம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் நால்வரின் அப்பாக்களில் இரண்டு பேர் ஏர் பிடித்தவர்கள். பாடும்போது அந்த முதல் வரியில் உடம்பு சிலிர்க்கும். இப்போதும் அப்படித்தான்.

மெட்டுப் போட அம்மாபேட்டையிலிருந்து ஒரு ஆர்மோனிய மாஸ்டர் வந்தார். சனிக்கிழமைகளில் பஜனை மடத்தில் வாசிப்பவர். ஆர்மோனியத்தைப் பெட்டி என்றுதான் சொல்லுவார். ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் மெட்டுப் போட்டார். எங்களுக்கு அது பிடிபடவே இல்லை. ஒருத்தி முந்துவாள், ஒருத்தி பிந்துவாள், நடுவில் யாராவது சிரிப்பாள்.

மாஸ்டர் திட்டவே மாட்டார். பஜனையில் ஒரு வழக்கம் உண்டாம், அதைத்தான் எங்களுக்குச் சொன்னார்.

"தப்பு வந்தா அவசரப்பட்டுத் திருத்தாதீங்கம்மா. ஒரு சுத்து விட்டுடுங்க. ஏழு எண்ணி, எட்டுல ஏறிக்கலாம். ஒருத்தி விட்டா நாலு பேரும் விடணும். மூணு பேர் மட்டும் பாடினீங்கன்னா அந்த ஒருத்தி தனியா மாட்டிக்குவா. பெட்டிய நான் நிறுத்த மாட்டேன். அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும்."

ஏதோ டவுன் பஸ் ஏறுவதைப் போல அவர் சொன்னது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அதை வைத்து மல்லிகா அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பாள்.

மல்லிகா யார் என்று சொல்லவில்லையே. அவளும் அம்மாபேட்டைதான். விடுதியில் என் பக்கத்துக் கட்டில், மேடையில் என் பக்கத்து இடம். குரலென்றால் அவள் குரல்தான். எங்கள் மூவரையும் இழுத்துக்கொண்டு போகும் குரல். அவள் தனியாகப் பாடியிருந்தாலே போதும், நாங்கள் சும்மா பூ வைத்துக்கொண்டு நின்றிருக்கலாம்.

மறுபடி மேடை

சரி, மேடைக்கு வருகிறேன். இரண்டாம் சரணம் முடிந்தது. "நில்லாது நடந்திடுவோம் நெடுவழியில் நாங்கள்" என்று அடுத்த வரி. அதை எடுக்க வேண்டியவள் நான். நின்றுபோனேன்.

மல்லிகா பாடியிருக்கலாம். அவளுக்கு வரி தெரியும். நீதிபதி முன்னால், சேலத்துப் பெரிய மனிதர்கள் முன்னால், தன் குரலை முழுசாகக் காட்ட அவளுக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவள் பாடவில்லை. வாயை மூடிக்கொண்டாள். மற்ற இருவரும் மூடிக்கொண்டார்கள். ஆர்மோனியம் மட்டும் ஒரே சுரத்தில் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது.

என் கையில் ஏதோ பட்டது. முந்தானை மறைவில் மல்லிகா என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒன்று. இரண்டு. அவள் எண்ணுகிறாள் என்று மூன்றாவதில்தான் எனக்குப் புரிந்தது. நான்கு, ஐந்து. ஆறாவதில் வரி திரும்பி வந்தது. ஏழு முடிந்ததும் நான்கு பேரும் ஒரே மூச்சில் எடுத்தோம்.

பாட்டு முடிந்து நீதிபதி பேச எழுந்தார். கல்லூரி மானத்தை வாங்கிவிட்டேன், பெட்டியும் வாசலில் ரெடி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மௌனம்" என்றார் நீதிபதி. "நில்லாது நடப்போம் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் நின்று யோசிக்கச் சொல்கிறார்கள் பாருங்கள். எழுதியவருக்கு என் வணக்கம்."

புலவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து கும்பிட்டார்கள்.

முதல்வர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே ஸ்டென்சிலில் அடித்த பாட்டுத் தாள் வகுப்பு வகுப்பாக வந்தது. இரண்டாம் சரணத்துக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், "மௌனம், ஏழு எண்ணிக்கை" என்று அச்சாகியிருந்தது. மாஸ்டர் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். அவர் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தார்.

அப்பா? விழா முடிந்து ஓடிப் போனேன். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தில் இரண்டே நிமிடம் பேசினார். பிறகு நாமக்கல் பஸ்ஸில் ஏறித் தனியாகப் போய்விட்டார். நான் மூன்று வருடமும் படித்தேன். பி.எட். முடித்தேன். அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, இப்போது அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கள், வருகிறது.

மௌனத்துக்கு உரை எழுதியவர்கள்

பாட்டு நின்றுவிட்டது, அதாவது நிலைத்துவிட்டது. மௌனமும் அதோடு நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நடுவில் கைதட்டுவார்கள். தட்டியவர் தன் வரிசை முழுவதற்கும் கேன்டீனில் பப்ஸ் வாங்கித்தர வேண்டும். இது மாணவர்களே போட்ட சட்டம். ஒரு மந்திரியே தட்டிவிட்டாராம். அவரிடம் யார் பப்ஸ் கேட்பது?

மௌனத்துக்கு அர்த்தம் சொன்னவர்கள் பட்டியல் பெரியது. நாட்டுக்காக உயிர்விட்டவர்களுக்கு அஞ்சலி என்றார்கள் வரலாற்றுத் துறையில். சாலை விபத்தில் போன லாரி டிரைவர்களுக்காக என்று விடுதியில் ஒரு கதை. பழைய ஆட்கள் மட்டும், இரண்டு புலவர்களும் பேசிக்கொள்ளாததால் சரணங்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி என்று சிரிப்பார்கள். இந்த ஊகங்களைக் கேட்கும்போதெல்லாம் வாயை இறுக்கிக்கொள்வேன். என் மறதிக்கு இத்தனை மரியாதையா என்று வெட்கமாக இருக்கும்.

நெட் போய்விட்டதா?

போன மாதம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பட்டமளிப்பு விழாவுக்காகப் பாட்டைப் புதிதாக ஸ்டுடியோவில் பதிவு செய்கிறார்கள். அதில் மௌனம் வேண்டாம் என்று ஒரு யோசனை. முதன்முதலில் பாடியவர்களில் ஒருவர் என்ற முறையில் என் கருத்து வேண்டுமாம்.

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். அவள் இப்போதும் அம்மாபேட்டைதான், முழங்கால் வலி, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"உண்மையச் சொல்லிடவாடி?" என்றேன்.

"சொல்லித் தொலை. கிழவியாயிட்டோம், இனிமே என்ன மானம் போவப் போவுது. ஆனா ஒண்ணு. நீ சொல்றதக் கேட்டுட்டு அதை எடுத்துட்டாங்கன்னா நான் உன்கிட்ட பேச மாட்டேன்."

கூட்டத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பதிவாளர் மரியாதையான மனிதர், காபியெல்லாம் கொடுத்தார்.

"மேடம், இப்ப எல்லாரும் போன்லதான் பாட்டு கேக்கறாங்க. அந்த எடம் வந்ததும் நெட் போயிடுச்சுன்னு நெனச்சு மூடிடறாங்க. அதான் பிரச்சனை. அதுக்கு முக்கியமான அர்த்தம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, வச்சுக்கலாம்."

பொய் சொல்லியிருக்கலாம். அஞ்சலி என்று சொல்லியிருந்தால் அங்கேயே எழுந்து நின்றிருப்பார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்த மௌனத்தைத் தின்று வளர்ந்தவள் நான். அதன் மேல் பொய் வைக்க மனம் வரவில்லை.

"வரி மறந்து போச்சுங்க" என்றேன். மேடை, நீதிபதி, கை அழுத்தியது எல்லாம் சொன்னேன். அப்பாவையும் பெட்டியையும் பற்றி வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன்.

பதிவாளர் சிரித்தார், கேலியாக இல்லை. "நல்ல கதை மேடம். அப்ப அது பாட்டுலயே இல்லாத ஒண்ணு. எடுத்துட்டா தப்பில்ல, பாருங்க."

என் வாயாலேயே முடித்து வைத்துவிட்டேன். படி இறங்கும்போது கைப்பை அவ்வளவு கனத்தது.

படிக்கட்டில்

"ஏனுங்க மேடம், ஒரு நிமிசம் நில்லுங்க" என்று பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள். பவித்ரா. கூட்டத்தில் மாணவர் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தவள். ராசிபுரம் பக்கம், எம்.எஸ்ஸி. கணிதம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வரிய எதனால மறந்தீங்கன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. என்னமோ சொல்ல வந்து நிறுத்திட்டீங்க."

கணக்குப் படிக்கிற பிள்ளை, விட்டுப்போன வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். படியிலேயே உட்கார்ந்தேன். வாசலில் அப்பா நின்றதைச் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன். பிறகு பஸ் நிறுத்தத்தைச் சொன்னேன்.

"கூட்டிட்டுப் போகத்தானுங்கப்பா வந்தீங்க?" என்று அன்று நான் கேட்டேன். அப்பாவின் சட்டையில் ஈர வெற்றிலை வாசம்.

"அதுக்குத்தான் வந்தேன். பொட்டிய உள்ள கொண்டு போயி வெய்யி" என்றார். சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னையப் பாத்துட்டுத்தான சாமி பாட்ட நிறுத்துன?"

அரங்கம் மொத்தமும் ஏமாந்திருந்தது. நீதிபதி ஏமாந்திருந்தார். அப்பா ஏமாறவில்லை. நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"அந்தப் புள்ளைக மூணும் உனக்காவ நின்னுச்சு. பொட்டி வாசிச்சவரு நின்னாரு. அத்தன சனமும் மூச்சுக் காட்டாம நின்னுது. யாரோ எவரோ அவங்களே நிக்கறப்ப, பெத்தவன் நான் மூணு வருசம் நின்னா கொறஞ்சா போயிருவேன்? நீ படி. திருச்செங்கோட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

பவித்ரா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இதை நான் பசங்ககிட்ட சொல்லலாமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். சொல்லிக்கோ கண்ணு என்றேன். அதில் என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

விழா

பட்டமளிப்பு விழாவுக்கு எனக்கும் மல்லிகாவுக்கும் அழைப்பு வந்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தாள். அரங்கமே தைல வாசனை. வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளாம்.

எல்லோரும் எழுந்தோம். ஒலிபெருக்கியில் புதுப் பாட்டு, புல்லாங்குழல், வயலின் எல்லாம் சேர்ந்து. குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். முதல் சரணம். இரண்டாம் சரணம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நில்லாது" என்று ஒலிபெருக்கி எடுத்தது. அது மட்டும்தான் எடுத்தது. அரங்கம் வாயை மூடிக்கொண்டது.

அத்தனை கறுப்பு அங்கிகளும் அசையாமல் நிற்க, பதிவு செய்த குரல் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டு போனது. ஒலிபெருக்கிக்காரர் ஏதோ கோளாறு என்று பயந்து மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். சிறப்பு விருந்தினர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பக்கத்தில் யாரும் தட்டாததால் கையை இறக்கிக்கொண்டார். மேடையில் பதிவாளர் பவித்ராவைப் பார்த்தார். அவள் நேராக நின்றாள்.

மௌனம் நீண்டது. நடுவில் ஒலிபெருக்கி குழப்பியதில், எங்கிருந்து எண்ணுவது, எப்போது எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் கையில் ஏதோ பட்டது. சுருக்கம் விழுந்த, தைலம் மணக்கும் கை.

ஒன்று. இரண்டு. மூன்று.

பேச மாட்டேன் என்றவள் அழுத்துவதை மட்டும் விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து. ஆறு. ஏழு.

"நில்லாது நடந்திடுவோம்" என்று நான் எடுத்தேன். கரகரத்த குரல்தான், சுருதிகூடச் சேரவில்லை. அடுத்த சொல்லுக்குள் மல்லிகா சேர்ந்துகொண்டாள், அதற்கடுத்த சொல்லுக்குள் அரங்கம் முழுவதும்.

பாடிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. உட்கார இடம் கிடைக்காத அப்பாக்கள் சிலர், மகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க, அங்கே நின்றுகொண்டிருந்தார்கள்.